வல்லநாட்டிலிருந்து மர்ம தேசத்துக்கு

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், பாளையங்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வல்லநாடு வந்துவிடும். குன்றுப் பக்கம் வெளிமான் சரணாலயம், தாமிரபரணி மேல் அடிக்கடி பழுதாகிச் செய்தியில் அடிபடும் பாலம். வெளியூர்க்காரர்களுக்கு ஊரின் பெயர் தெரிவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். மூன்றாவதாக ஒரு நடிகர் உண்டு. 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த கணேசன் இருபது வயதில் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் அங்கேதான் சம்பளம். டெல்லியில் இருந்தபோது மாலை நேரங்களில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் வேஷம் கட்டினார். படையை விட்டு வந்த பிறகு சென்னை, காத்தாடி ராமமூர்த்தியின் குழு, விசு எழுதிய நாடகங்கள். அவற்றில் ஒன்றான 'பட்டினப்பிரவேசம்' 1977இல் படமானபோது இயக்குநர் கே. பாலசந்தர் அவர் பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தார்.

வல்லநாட்டுக்காரர் பெயரில் டெல்லி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

தமிழ் நடிகர்களின் பெயரில் பாதி பயோடேட்டா இருக்கும். பூவிலங்கு மோகன், கவிதாலயா கிருஷ்ணன், நெல்லை சிவா என்று முதல் படமோ கம்பெனியோ சொந்த ஊரோ முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். டெல்லி கணேஷின் பெயரில் இருப்பது சொந்த ஊர் இல்லை, வேலை பார்த்த ஊர். உத்தியோக மாற்றல் உத்தரவு ஒன்று பெயருக்குள் மாட்டிக்கொண்டதைப் போல.

தொண்ணூறுகளின் நடுவில் சன் டிவியில் 'மர்ம தேசம்' வந்தபோது அவர் அதன் முதல் கதையான 'ரகசிய'த்தில் இருந்தார். கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு பாலசந்தரின் மின்பிம்பங்கள். இரவில் யாரும் தங்கக் கூடாத கோயில், நவபாஷாண லிங்கம், சித்தர்கள். அடுத்து வந்த 'விடாது கருப்பு'வில் குதிரையில் வந்து தண்டனை கொடுக்கும் கருப்பு. நெல்லைச் சீமையில் வாரம் ஒருநாள் பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஆள் நெரித்துக்கொண்டு பார்த்த தொடர் அது. "நம்ம வல்லநாட்டுக்காரர்லா அண்ணாச்சி" என்று யாராவது ஒருவர் கணேஷ் வரும் காட்சியில் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

கறாராகப் பார்த்தால் 'மர்ம தேசம்' அறிவியல் புனைவு ஆகாது. ஆனால் அதன் எலும்புக்கூடு அறிவியல் புனைவின் எலும்புக்கூடுதான். நம்ப முடியாத ஒன்று நடக்கிறது. படித்த ஆள் ஒருவர் அதைக் கேள்வி கேட்கிறார். கடைசியில் ஏதோ ஒரு விளக்கம் கிடைக்கிறது. 'விடாது கருப்பு'வின் முடிச்சு சாமியில் அவிழவில்லை, மனநோயியலில் அவிழ்ந்தது. அதே வரிசையில் வந்த இன்னொரு கதைக்குப் பெயரே 'இயந்திரப் பறவை'. தமிழ்ச் சின்னத்திரை அறிவியல் புனைவுக்கு மிகப் பக்கத்தில் போய், கூட்டத்தையும் கூட்டியது அந்த ஒருமுறைதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தத் தொடர் ஏன் நம்பும்படி இருந்தது? கேமராக் கோணம், பின்னணி இசை என்று பலரும் காரணம் சொல்வார்கள். அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் நடித்தவர்களின் உடம்பையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். டெல்லி கணேஷ் வாழ்நாளில் நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். பெயர் வாங்கிக் கொடுத்தவற்றில் பெரும்பகுதி இன்னொருவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். 'சிந்து பைரவி'யில் பாடகருக்குப் பக்கத்தில் மிருதங்கக்காரர். 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் அய்யர். மேலே இருப்பவர் பேசும்போது கீழே இருப்பவர் எப்படி நிற்பார், எங்கே பார்ப்பார், எப்போது வாய் திறக்கலாம் என்று கணக்குப் போடுவார் என்பது அவருக்கு அத்துப்படி. பத்து வருடப் படை வாழ்க்கை அதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்காது. 'பசி'யில் ரிக்ஷாக்காரராக வந்து மாநில அரசின் சிறப்புப் பரிசு வாங்கினார். அந்த ரிக்ஷாக்காரரின் அலுப்பும் ஷிப்ட் முடிந்து வரும் ஆளின் அலுப்புத்தான்.

அமானுஷ்யக் கதைக்கு இந்த மாதிரி ஆள் வேண்டும். பேய் வருகிறது என்று சொன்னால் யாரும் பயப்படுவதில்லை. பேய் வந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வேலைக்குப் போகவேண்டுமே என்ற கவலையோடு நிற்கிற ஒரு முகத்தைப் பார்த்தால்தான் பயம் வரும்.

இதே சேதி வேறு ஒரு நாட்டில், ஒரு விண்கப்பல் தொடரில் இன்னும் பளிச்சென்று தெரியும். கணேசன் பிறக்க இரண்டு மாதம் கூட இல்லாத சமயம், 1944 ஜூன் 6 அன்று, பிரான்சின் நார்மண்டிக் கரையில் கனடாப் படைகள் இறங்கின. அதில் பீரங்கிப் படை லெப்டினன்ட் ஜேம்ஸ் டூஹன். அன்று இரவு தங்கள் பக்கத்துக் காவலாளி ஒருவர் பதற்றத்தில் சுட்ட குண்டுகள் அவர் மேல் பாய்ந்தன. நெஞ்சுக்கு வந்த ஒன்றைச் சட்டைப்பையில் இருந்த சிகரெட் டப்பா தடுத்துவிட்டது. வலது கையின் நடுவிரல் போயிற்று. போர் முடிந்து ஊர் திரும்பியவர் ரேடியோ நாடகம் ஒன்றைக் கேட்டு, இதைவிட நன்றாக நாம் செய்யலாமே என்று நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத்தின் என்ஜினியர் ஸ்காட்டி அவர்தான். நெருக்கக் காட்சிகளில் வலது கை கேமராவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்.

ஸ்காட்டி பாத்திரம் எப்போதும் அலறிக்கொண்டே இருக்கும். என்ஜின் தாங்காது, இன்னும் நேரம் கொடுங்கள் என்று கேப்டனிடம் மன்றாடும். பார்ப்பவர்கள் அதை நம்பினார்கள். மேலே இருப்பவர் உத்தரவு போடுவார், இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியது கீழே இருப்பவர் என்ற கணக்கு டூஹனுக்குப் போர்க்களத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தொடரைப் பார்த்து என்ஜினியரிங் படிக்க வந்தவர்கள் ஏராளம் என்பதால் அமெரிக்காவின் மில்வாக்கி பொறியியல் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமே கொடுத்தது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு பான் ஆம் பயணிகள் விமானத்தில் பைலட், அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ். ஸ்பாக்காக வந்த லெனார்ட் நிமாய் ராணுவத்தில் இருந்தார், டாக்சியும் ஓட்டினார். கலத்தின் தகவல் அதிகாரியாக வந்த நிஷெல் நிகோல்ஸ் டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். அட்டையும் பிளாஸ்டிக்கும் ஒட்டிச் செய்த கப்பல்தான். அதன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் வெவ்வேறு வேலை பார்த்துத் தேய்ந்த ஆட்கள்.

இதை ஒரு சூத்திரமாக்க வேண்டியதில்லை. கேப்டன் கிர்க்காக வந்த வில்லியம் ஷாட்னர் வணிகவியல் படித்தவர், வேலை என்று பார்த்தது மேடை நாடகம்தான். அவரும் கேப்டனாகச் செல்லுபடியானார். ஷேக்ஸ்பியர் ராஜாக்களைப் பார்த்துப் பழகிய தோள் அது.

நம் பக்கத்து உதாரணங்களில் ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. 1998இல் தூர்தர்ஷனில் கேத்தன் மேத்தாவின் 'கேப்டன் வியோம்' வந்தது. நாயகன் மிலிந்த் சோமன், நீச்சலில் தேசிய சாம்பியன், பிறகு முன்னணி மாடல். உடன் நடித்தவர்களிலும் மாடல்கள் பலர். எல்லோரும் பார்க்க அழகாக இருந்தார்கள். பளபளப்பான உடையும் உண்டு. ஆனால் அந்தக் கலத்தில் ஒருவராவது ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துப் பழகியவர் போல் தெரியவில்லை. விளம்பரப் படத்தின் இடைவேளையில் விண்வெளிக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களைப் போல இருந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த 'சக்திமான்' கணினி வேலையில் இதைவிடக் கச்சா. ஆனாலும் அது பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தது. காரணம் வேறு மாதிரி. சக்திமானாக வந்த முகேஷ் கன்னா அதற்கு முன் 'மகாபாரத'த்தில் பீஷ்மர். வில்லன் கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே 'மகாபாரத'த்தில் துரோணர். குருவாக வந்த டாம் ஆல்டர் முசோரியில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, ஹரியானாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனவர், கிரிக்கெட் பத்திரிகையாளரும் கூட. இங்கே பழைய வேலை என்பது பழைய வேஷம். பீஷ்மர் சொன்னால் பிள்ளைகள் பால் குடிப்பார்கள் என்று பெற்றோருக்கும் ஒரு நம்பிக்கை.

தாமிரபரணிக் கரைக்குத் திரும்பலாம். பாளையங்கோட்டைக்குத் தென்மேற்கே முன்னீர்ப்பள்ளம். 'முள்ளும் மலரும்' நாவல் எழுதிய உமாசந்திரன் இந்த ஊர்க்காரர். அவருடைய இயற்பெயர் பூர்ணம் ராமச்சந்திரன். தம்பி பூர்ணம் விஸ்வநாதன். அவரும் டெல்லிக்குத்தான் போனார். ஆனால் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவுக்கு. 1947 ஆகஸ்ட் 15 காலைச் செய்தியில் விடுதலை கிடைத்ததைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது என்று அவரைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் வரும். வானொலி வேலையோடு டெல்லித் தமிழர்களின் நாடக மேடையும் இருந்தது. பிறகு சென்னை வந்து சொந்தக் குழு நடத்தினார். அந்தக் குழுவுக்கு நாடகங்கள் எழுதிக்கொடுத்தவர் சுஜாதா. அவர் அப்போது பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினியர். அதற்கு முன் விமானப் போக்குவரத்துத் துறை.

இந்த இருவர் கூட்டில் மேடையேறியவற்றில் ஒன்று 'கடவுள் வந்திருந்தார்'. ரிடையரான சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஜோ என்று ஒருவன் வருகிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் உள்ளவர்கள் பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பிறகு ஊர் அவரையே சாமியாக்கப் பார்க்கிறது. தமிழ் மேடையில் அறிவியல் புனைவு இவ்வளவு சாதாரணமான வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததில்லை. ராக்கெட் இல்லை, ஒளி வித்தை இல்லை. பென்ஷன் வாங்கும் ஒருவரும் ஒரு நாற்காலியும் போதும்.

சீனிவாசனாக பூர்ணம். மற்றவர் யாருக்கும் தெரியாத ஆளிடம் அவர் பேசிக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் வீட்டார் வந்துவிட்டால் பேச்சைப் பாதியில் முழுங்கி, ஒன்றுமில்லையே என்ற முகத்தோடு திரும்பவேண்டும். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. ஸ்டூடியோவில் செய்தி வாசிப்பவர் வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஆட்களிடம்தான் பேசுகிறார். எதிரே இருப்பது மைக்கும் ஒரு கண்ணாடிச் சுவரும். யுத்தமோ வெள்ளமோ தேர்தலோ, எதைச் சொன்னாலும் குரல் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். அந்த மட்டத்தை விடாமல் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். கூடவே, இருக்குமோ என்றும் தோன்றும். நகைச்சுவையும் அறிவியல் புனைவும் ஒரே குரலில் நின்றது அப்படித்தான்.

முன்னீர்ப்பள்ளத்துக்காரரும் வல்லநாட்டுக்காரரும் ஒரே ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, வெவ்வேறு வருடங்களில், அரசாங்கச் சம்பளத்தில் டெல்லியில் இருந்து, அங்கே தமிழ் மேடை ஏறி, பிறகு சென்னை வந்திருக்கிறார்கள். இது தற்செயல் மட்டும் இல்லை. அந்தத் தலைமுறையில் நாடகம் யாருக்கும் சோறு போடவில்லை. சபா நாடகம் என்றால் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ஒத்திகை, வார இறுதியில் மேடை. கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். பேங்க், ரயில்வே, ஏஜீஸ் ஆபீஸ் என்று எல்லா ஆபீஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தொண்ணூறுகளில் சின்னத்திரை திடீரென்று பெருத்தபோது, அதற்குக் கைவசம் கிடைத்த நடிகர் கூட்டம் இதுதான். பேச்சு தெளிவாக வரும், வசனம் ஒரே மூச்சில் நிற்கும், கேமராவுக்காக முகத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது. 'மர்ம தேச'த்துக்கு இது அதிர்ஷ்டம். அதே தொடரில் இளசுகளாக வந்த சேத்தனும் தேவதர்ஷினியும் இந்தப் பெரியவர்களின் பக்கத்தில் நின்றுதான் பெயர் எடுத்தார்கள், பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள். 2024 நவம்பர் 9 இரவு டெல்லி கணேஷ் காலமானார். மறுநாளே மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜனும் போனார். கணேஷின் உடலுக்கு விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செலுத்தினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த வேலை அவரை மறக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த ஒருவர் இருக்கிறார். இருபத்து நான்கு வயது வரை உப்பளத்தில் கணக்கு எழுதினார். அதன் பிறகு நாடகம். எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேஷங்களில் பெயர் வாங்கினார். விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க ஆற்றங்கரைக்குப் போனவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்கு அதிர்ச்சியில் கரு கலைந்துபோயிற்று, அன்றோடு அவர் அரிதாரம் பூசுவதை விட்டார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததா, பின்னால் சேர்த்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு நோட்டில் உப்பு மூட்டை எண்ணியவர் மேடையில் நின்றால் சனியே நேரில் வந்ததாகத் தோன்றியது என்று ஜனங்கள் நம்ப விரும்பினார்கள், அது போதும். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

நெல்லைக் கிராமங்களில் இது இன்றைக்கும் பழைய சேதி இல்லை. சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனால் தெரியும். மகுடம் அடித்துக் கணியான் கூத்து நடக்கும். நள்ளிரவில் சாமியாடும் கோமரத்தாடி ஒரு கையில் தீப்பந்தமும் ஒரு கையில் வல்லயமுமாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புவார். கூட்டம் வழிவிட்டு ஒதுங்கும். அவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். வயல் வேலை, லாரி டிரைவர், டீக்கடை. காலையில் அவரிடம் கடன் பாக்கி கேட்டுச் சத்தம் போட்டவர் ராத்திரி அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குறி கேட்பார். முந்தைய வேலை தெரிந்தால் மாயை கலைந்துவிடும் என்று சினிமாக்காரர்கள் பயப்படுகிறார்கள். இங்கே அது தெரிந்திருப்பதால்தான் மாடன் வந்த கணம் தூக்கிவாரிப்போடுகிறது. நேற்று வரை ஸ்டியரிங் பிடித்த கைதான், ஆனால் இப்போது நடுங்குவது வேறு மாதிரி.

இப்போது சின்னத்திரைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேறு வேலை எதுவும் பார்க்காமல் நேராக வருகிறார்கள். மாடலிங், வீடியோ ஜாக்கி, இன்ஸ்டாகிராம். திறமை குறைவு என்று சொல்ல முடியாது, சிலர் நன்றாகவே நடிக்கிறார்கள். ஆனால் கையில் கோப்பைக் கொடுத்தால் அதை எப்படிப் பிடிப்பது என்று இயக்குநர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. டாக்டர் பாத்திரத்துக்கு ஸ்டெதாஸ்கோப், விஞ்ஞானி பாத்திரத்துக்கு வெள்ளைக் கோட்டு, அதற்கு மேல் உடம்பு ஒத்துழைப்பதில்லை. விண்வெளிக் கதை என்றால் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கற்பனை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கைவேலை நிஜமாக இருக்கவேண்டியிருக்கிறது.

விண்வெளிக்கு நெல்லைக்காரர்கள் தூரம் போகவேண்டியதும் இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், பணகுடியைத் தாண்டி மலையடிவாரத்தில் மகேந்திரகிரி. இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின்களைப் பூமியில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கும் இடம் அது. விகாஸ் என்ஜினும் கிரையோஜெனிக் என்ஜினும் விண்ணுக்குப் போகும் முன்னால் இங்கே நெருப்புக் கக்கிக் காட்டியாக வேண்டும். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டாயிற்று. மகேந்திரகிரியில் வேலை பார்ப்பவர்கள் வள்ளியூரிலும் நாகர்கோவிலிலும் குடியிருக்கிறார்கள், பஸ் பிடிக்கிறார்கள், பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். வால்வு ஒழுகினால் என்ன பேசிக்கொள்வார்கள், சோதனைக்கு முந்தின ராத்திரி வீட்டில் எப்படி இருப்பார்கள், மேலதிகாரியிடம் "இன்னும் ரெண்டு நாள் வேணும் சார்" என்று எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதெல்லாம் அந்த மாவட்டத்தில் ஆயிரம் வீடுகளுக்குத் தெரிந்த சங்கதி. தமிழ்ச் சேனல் எதிலும் இதுவரை அந்தக் குரலில் ஒரு ஸ்காட்டி பேசவில்லை. ரிடையரான டெக்னீஷியன் யாராவது உள்ளூர் நாடகக் குழுவில் வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறாரா என்று எந்த இயக்குநரும் வள்ளியூர்ப் பக்கம் போய் விசாரித்ததாகவும் தெரியவில்லை.